காகம் சாப்பிட்டதை யார் பார்த்தது?

ஒரு பங்குனி மாதத்து நண்பகல். மலாயாவில், கிள்ளான் பக்கத்துக் கடலோரச் சேற்று மேட்டில், வெள்ளைக் கால்சட்டையும் கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டுமாக நான் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் சும்மா அல்ல. இடுப்பை வளைத்து, தலையைக் கவிழ்த்து, என் இரண்டு கால்களுக்கு நடுவே உலகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வானம் கீழே இருக்கிறது. தென்னைமரங்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. ரத்தமெல்லாம் முகத்துக்கு இறங்கிக் காது கொதிக்கிறது.

எனக்கு ஒரு பக்கம் செல்லத்துரை அண்ணன் கடலைப் பார்த்தபடி நிற்கிறார். இன்னொரு பக்கம் மாணிக்கம் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறான். விடிந்ததிலிருந்து மூவரும் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை.

"என்ன தெரியுது ராஜு?" என்று மாணிக்கம் கண்ணைத் திறக்காமலே கேட்கிறான்.

"என் பூட்ஸ் தெரியுது" என்கிறேன்.

இந்தக் கோலத்துக்கு நான் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போனால் வாசகர்கள் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஏற்கெனவே போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு என் மருமகள், "மாமா, இத்தனை வாரமா எழுதறீங்க, ஆபீசுக்குப் போனதா ஒரு வரிகூட இல்லையே?" என்றாள். வாரத்தில் ஆறு நாள் ஆபீசுக்குப் போனேன் அம்மா. எழுதும்போது ஏழாவது நாள்தான் ஞாபகம் வருகிறது, நான் என்ன செய்ய?

குருவி பார்க்கிற கோஷ்டி

அப்போது நான் ரயில்வே சரக்கு ஆபீசில் கிளார்க். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ். இரண்டு வீடு தள்ளி, பிரம்மச்சாரிகள் சேர்ந்து இருந்த வீட்டில் மாணிக்கம் இருந்தான். ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடும்போது நோயாளியைவிட அதிகமாக அவன் முகம் சுளிப்பான், அவ்வளவு இளகிய மனசு. மன்னார்குடிப் பக்கத்துக்காரன்.

செல்லத்துரை அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். நிலம் அளக்கும் ஆபீசில் வரைபடம் வரைகிறவர். கண்ணால் காணாத ஒரு வாய்க்காலைக்கூட அவர் கோடு போட்டுக் காட்டமாட்டார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்து துரையின் வீட்டு ஏலத்தில் அவருக்கு ஒரு பைனாகுலர் கிடைத்தது. அதிலிருந்துதான் எங்கள் பித்து ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூன்று பேரும் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவோம். கருவி ஒன்று, ஆள் மூன்று. ஆகையால் ஒருவர் கையில் நூறு எண்ணும் நேரம்தான் இருக்கலாம் என்று ஏற்பாடு.

"பொண்ணு பாக்கற வயசுல குருவி பாக்கறானுங்க" என்று குழாயடியில் எங்களைப் பற்றிப் பேச்சு. மாணிக்கத்தைச் சொன்னால் நியாயம். எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது.

பார்த்த பறவைகளை அண்ணன் ஒரு நோட்டில் எழுதிவந்தார். அதற்கு ஒரு கறாரான சட்டம் உண்டு. மூவரும் கண்ணால் பார்த்தால்தான் நோட்டில் ஏறும். இருவர் பார்த்தது செல்லாது. இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணமே நான்தான். செராஸ் பக்கத்து ரப்பர் காட்டில் ஒருநாள், உயரத்தில் ஒரு கிளையில் இருவாச்சிப் பறவையைக் கண்டேன். கறுத்த சிறகு, வளைந்த மூக்கு, எல்லாம் பொருந்தியது. கத்திக் கூப்பிட்டேன். அண்ணன் ஓடிவந்து, பெருமையோடு நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டார். பிறகு காற்றடித்தது. இருவாச்சி விரிந்துகொண்டது. யாரோ காற்றில் பறிகொடுத்த கிழிந்த குடை.

அந்த அடிக்கோட்டை அவர் ரப்பர் போட்டு அழித்தபோது என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

மைனா தின்ற சோறு

இனி மாணிக்கத்தின் சங்கதி. அன்றைய பயணமே அதற்காகத்தான்.

அவன் மலாயாவுக்குக் கப்பலேறியது அவனுடைய அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது, எதற்குக் கடல் தாண்ட வேண்டும் என்று சண்டை. இவன் கேட்கவில்லை. புறப்படும் நாளில் அவர் வாசலுக்கே வரவில்லையாம். உள்ளே இருந்தபடியே, "கடல் தாண்டிப் போறவன் சோத்துல நான் ஒரு பருக்கை தொடமாட்டேன்" என்று சொன்னாராம். ஆறு வருஷம் இவன் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் அம்மாவிடமிருந்துதான் பதில். பிறகு ஒரு பங்குனியில் அப்பா போய்விட்டார் என்று கடிதம் வந்தது. இவன் அதைப் படித்தபோது எல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

முதல் வருஷத் திவசத்துக்கு ஊருக்குப் போக முடியவில்லை. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். வேலையை விட்டுப் போனால் திரும்பி வந்து உட்கார நாற்காலி இருக்காது. ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸிலேயே சமைத்து, இலையில் படைத்து, கிணற்றடியில் வைத்துக் "கா... கா..." என்று கூப்பிட்டான்.

எங்கே வரும்? கோலாலம்பூரில் அந்தக் காலத்தில் ஊர்க்காக்கை கிடையாது. இன்று குப்பைத்தொட்டிக்குக் குப்பைத்தொட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் உங்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். காட்டுப்பக்கம் எப்போதாவது ஓர் அண்டங்காக்கை தென்படும், அதுவும் ஆளைக் கண்டால் நிற்காது. அன்றைக்கு வந்தவை நாலு மைனாவும் பக்கத்து வீட்டுக் கோழியும்தான். மாணிக்கம் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். கடைசியில் மைனாக்கள் கொத்திய மிச்சத்தைக் கோழி தின்றது.

"மைனாவும் பறவைதானப்பா, எழுதிடு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் பொய் எழுதமாட்டான். காகம் வரவில்லை என்றே அம்மாவுக்கு எழுதினான். பதில் வந்தது: 'அப்பாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை போல இருக்கிறது.'

அந்த ஒரு வரி அவனை ஒரு வருஷம் தின்றது. பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று, "இன்னுமா ராஜு கோவம்?" என்பான்.

கப்பலில் வந்த காக்கை

அடுத்த பங்குனி வந்தது. இந்த நாட்டில் வசந்தம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். கடலோரத்து உள்ளான் பறவைகள் கொழுத்து உருண்டு வடக்கே பறக்கத் தயாராகும். எங்களுக்கு அதுதான் வசந்தம். அவை போவதற்கு முன் ஒருமுறை கிள்ளான் கடலோரம் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணன் தேதி குறித்தார். குறித்த ஞாயிற்றுக்கிழமையும் மாணிக்கத்தின் அப்பாவுக்குத் திவசமும் ஒரே நாளில் விழுந்தன.

"நான் வரலண்ணே. காகம் வராட்டியும் இலை போடணுமில்ல" என்றான் மாணிக்கம்.

அண்ணன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "விசர்க் கதை கதையாதையும். கிள்ளான்ல எங்கட ஊர்க் காகம் கொள்ளையா நிக்குது. நீர் அங்க வந்து படையும்."

கிள்ளானில் காக்கை இருந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் அங்கே காப்பித் தோட்டங்களாம். புழு விழுந்து இலையெல்லாம் போயிற்றாம். புழுவைத் தின்னட்டும் என்று சிலோனிலிருந்து காக்கைகளைக் கூண்டில் அடைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்களாம். காப்பி போய்விட்டது, காக்கை தங்கிவிட்டது. இதைச் சொல்லும்போது அண்ணனுக்கு நெஞ்சு நிமிரும்.

"சிலோன் காக்கை மன்னார்குடி அப்பாவுக்குச் சரிப்படுமாண்ணே?" என்று நான் சீண்டினேன்.

"ஏன், அவருக்குத் தமிழ் விளங்காதோ?" என்றார்.

மாணிக்கம் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

கூச்சலும் சேறும்

முதல் ரயில். மாணிக்கம் இருட்டோடு எழுந்து குளித்துத் தானே சமைத்திருந்தான். வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, பாயசம். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காகம் சாப்பிடாமல் அவன் சாப்பிடக்கூடாது. "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு வாங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தான். வெட்கத்துக்கு அஞ்சி நாங்களும் பட்டினி. பெட்டி முழுக்க வடை வாசனை. பத்து மைல் போவதற்குள் நான் செய்த தியாகத்தை எண்ணி எனக்கே கண்ணீர் வந்தது.

கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, பிளாட்பாரத்தில் ஒரு சீனத் தாத்தா கையிலிருந்த பாவ் ரொட்டியை ஒரு காக்கை பறித்துக்கொண்டு கூரைக்கு ஏறியது. சாம்பல் கழுத்து, சாய்ந்த பார்வை, அசல் நம்மூர்க் காக்கை. தாத்தா ஏசுகிறார். இங்கே மாணிக்கம் ஜன்னல் வழியே அந்தத் திருட்டுக் காக்கையைப் பார்த்துப் பக்தியோடு கும்பிடுகிறான். இத்தனை காக்கை இருக்கும்போது கவலை என்ன என்று எங்களுக்கு நிம்மதி.

துறைமுகத்துக்கு முன்னாலேயே இறங்கி, தென்னந்தோப்புகளின் ஊடே ஒரு மணி நேரம் நடந்து, பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் கரைக்கு வந்தோம். கடல்நீர் கரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற ஏற, தூரத்தில் மேய்ந்த உள்ளான்கள் எல்லாம் கரையை நோக்கித் தள்ளப்பட்டு வந்தன. எத்தனை ஆயிரமோ! ஒரே சமயத்தில் எழும், ஒரே சமயத்தில் திரும்பும், வயிற்று வெள்ளை பளிச்சென்று தெரியும், மறுபடி மண் நிறமாகி மறையும். நாங்கள் பசியை மறந்தோம்.

"அந்த நெட்டைக்காலி! சிவப்புக் காலு!"

"எழுபது... எழுபத்தொண்டு... தாரும் காணும், உம்மட நேரம் முடிஞ்சுது."

"இன்னும் இருபத்தொம்பது இருக்குண்ணே!"

இப்படியே சிறுபிள்ளைகள்போல அடித்துக்கொண்டோம். மூவரும் பார்த்து, நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. என் பூட்ஸ் ஒன்றைச் சேறு பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இருவர் என் இடுப்பையும் ஒருவர் பூட்ஸையும் இழுக்க வேண்டிய காரியம். ஆள் மொத்தமே மூன்றுதான் என்பதால் நானும் என்னை இழுத்தேன்.

அண்ணன் மட்டும் அடிக்கடி கருவியைத் தூரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அந்தக் கரையில் ஒரு பெருநாரை உண்டு, உடம்பெல்லாம் வெள்ளை, அலகு மட்டும் மஞ்சள், நின்றால் மனிதன் மார்பளவு வரும் என்று மலாய் மீனவர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். மூன்று வருஷமாகத் தேடுகிறார். அதன் இறகைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

இறங்காத காக்கை

உச்சிவேளை வந்தது. மாணிக்கம் கால் கை கழுவி, ஒரு தென்னை அடிக்கட்டையின் மேல் வாழை இலையை விரித்தான். சோறு, பருப்பு, பொரியல், மேலே ஒரு வடை, கொஞ்சம் எள். தண்ணீர் தெளித்துவிட்டுக் கூப்பிட்டான்.

"கா... கா... கா..."

வந்தன ஐயா! பத்துப் பன்னிரண்டு காக்கைகள் தென்னை மட்டைகளில் வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்தன. ஒன்று கீழ்மட்டைக்கு இறங்கியது. நாங்கள் மூச்சை அடக்கினோம். நன்றாகப் பார்க்கலாம் என்று அண்ணன் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்கினார். அவ்வளவுதான், அத்தனையும் கத்திக்கொண்டு கலைந்தன.

மறுபடி கூப்பிட்டான். மறுபடி வந்தன. இந்தத் தடவை நான் தூக்கினேன். மறுபடி கலைந்தன. மூன்றாவது தடவை யாரும் எதையும் தூக்கவில்லை, வெறுமனே பார்த்தோம். அதற்கும் இறங்கவில்லை. மட்டையில் உட்கார்ந்தபடி எங்களையே பார்த்தன.

மாணிக்கத்தின் முகம் வெளுத்துவிட்டது. "பாத்தீங்களா... வருது, என் சோறுன்னு தெரிஞ்சதும் போயிடுது" என்றான். இத்தனை தூரம் கூட்டிவந்து அவனை இன்னும் ஒரு வருஷம் அழவைக்கப் போகிறோமே என்று எனக்குத் திக்கென்றது.

பக்கத்துத் தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் வெகுநேரமாக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, அண்ணன் கையிலிருந்த பைனாகுலரைக் காட்டி, "தூவான் தெம்பாக்" என்றார். துரை சுடுகிறார் என்று அர்த்தம். பிறகு கையாலேயே துப்பாக்கி பிடித்துக் காட்டி மலாயில் விளக்கினார். பக்கத்துத் தோட்டத்து துரை ஒருவர் காலையில் காக்கை சுடுவது வழக்கமாம். அதனால் முகத்துக்கு நேரே எதையாவது தூக்கினாலும், முறைத்துப் பார்த்தாலும் இவை கிட்டே வராதாம். "திரும்பி நில்லுங்கள், தின்னும்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய்களோடு போனார்.

கோபம் அப்பாவுக்கு இல்லை, பயம் காக்கைக்கு! மாணிக்கத்துக்கு உயிர் வந்தது. ஆனால் உடனே வேறு சிக்கல்.

"மூணு பேரும் திரும்பிக்கிட்டா, தின்னது காக்கையா கீரியான்னு எப்படித் தெரியும்? பாக்காம அம்மாவுக்கு நான் எப்படி எழுதறது?" என்றான்.

"எழுதேலாது" என்றார் அண்ணன். சட்டம் போட்டவர் அல்லவா?

பறவை பார்ப்பதையே தொழுகையாக வைத்திருந்த மூன்று பேர், பார்க்காமல் பார்ப்பது எப்படி என்று அந்தச் சேற்று மேட்டில் நின்று ஆலோசித்தோம். ஆள் முதுகைக் காட்ட வேண்டும், கண் மட்டும் பார்க்க வேண்டும். கடைசியில் என் முதுகுதான் தேர்ந்தெடுக்கப்பட்டது. உங்களை நான் முதலில் நிறுத்திவிட்டு வந்த இடம் இதுதான்.

தலைகீழ் வர்ணனை

கொஞ்ச நேரம் என் பூட்ஸைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு காலை அகட்டினேன். இலை தெரிந்தது.

"மட்டையில ஒண்ணு இருக்கு... அசையுது... கீழ வந்துடுச்சு. கட்டைக்குக் கிட்ட குதிக்குது."

"கழுத்து? கழுத்து என்ன நிறம்?" என்று மாணிக்கம்.

"சாம்பல். பேசாதே... கட்டை மேல ஏறிடுச்சு. என்னையே பாக்குது. என் பின்பக்கத்தைத்தான் பாக்குது."

மாணிக்கம் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினான்.

"குனியுது... மாணிக்கம், கொத்திடுச்சு! சோத்தைக் கொத்திடுச்சு! இன்னொரு வாய்... இன்னொண்ணும் வந்துடுச்சு, மூணு... வடையைத் தூக்கியாச்சு!"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிய கைமேல் கண்ணீர் சொட்டியது. "சாப்பிடுப்பா, நல்லா சாப்பிடு" என்று மெதுவாகச் சொன்னான். நான் தலைகீழாக அழுதேன். அப்படி அழுதால் கண்ணீர் நெற்றிக்கு ஓடும் என்பது அன்றுதான் தெரிந்தது.

இலை காலியாகும்வரை நின்றேன். பிறகு நிமிர்ந்தேன், தலை சுற்றித் தொப்பென்று விழுந்தேன். மாணிக்கம் என்னைக் கட்டிக்கொண்டான். மிச்சச் சாப்பாட்டை மூவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். பாயசம் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தது, அதையும் விடவில்லை.

கை கழுவும்போதுதான் அண்ணன் சொன்னார். "அந்த நாரை வந்தது."

"எப்பண்ணே?"

"ராசு குனிஞ்சு நிக்கேக்க. முன்னால, முப்பது அடி இருக்கும். இறங்கி நிண்டு, ஒரு மீனைப் பிடிச்சு விழுங்கிப்போட்டுத்தான் போனது. மஞ்சள் அலகு."

"கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று மாணிக்கம் பதறினான்.

"இஞ்ச பாருங்கோ எண்டு ஒரு சத்தம் போட்டிருந்தா, உம்மட காகம் போயிருக்கும்."

"நோட்டுல எழுதுங்கண்ணே. நானும் பார்த்தேன்னு சொல்றேன்" என்றேன் நான்.

"நீர் பாத்த இருவாச்சியே போதும்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பையில் வைத்தார். அவர் எழுதவில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை அந்தக் கரைக்குப் போயும் நாங்கள் மூவரும் சேர்ந்து அந்த நாரையைப் பார்க்கவேயில்லை. செல்லத்துரை அண்ணன் போன்ற ஒரு மனிதரை நான் பிறகு சந்தித்ததில்லை.

மன்னார்குடியிலிருந்து பதில்

மாணிக்கம் நடந்ததை நடந்தபடி அம்மாவுக்கு எழுதினான். காக்கை சாப்பிட்டதைத் தான் பார்க்கவில்லை, சிநேகிதன் தலைகீழாக நின்று பார்த்தான் என்பதைக்கூட விடவில்லை. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "உள்ளதைத்தான எழுதணும்" என்றான். அந்த அம்மா என்ன நினைப்பாரோ என்று ஒரு மாதம் அவனோடு சேர்ந்து நாங்களும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம், ரயில்வே மைதானத்தில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடிதத்தோடு வந்தான். பாதி படித்து, மேலே முடியாமல் அண்ணனிடம் நீட்டினான். அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம். அண்ணன் யாழ்ப்பாணக் குரலில் அந்த மன்னார்குடிப் பேச்சைப் படித்தார்:

'...இங்கே உன் தம்பியும் திவசம் கொடுத்தான். இலையை வைத்துவிட்டு நானும் அவனும் பொழுது சாயும்வரை கூப்பிட்டோம். ஊரில் இத்தனை காக்கை இருந்தும் ஒன்றுகூட வரவில்லை. என்ன குறை வைத்தோமோ என்று உன் கடிதம் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது தெரிந்துபோயிற்று. மனுஷர் உன்னிடம் சாப்பிட வந்துவிட்டார், இங்கே எப்படி இருப்பார்? தலைகீழாக நின்ற பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். இனி வருஷா வருஷம் நீ அங்கேயே வைத்துவிடு. இந்த வயசில் அவரைத் திரும்பவும் கடல் தாண்ட வைக்காதே.'